வாசலில் ஒரு ஹேண்ட் ஓவர்

கோபித்துக்கொண்டவர்கள் பேசாமல் இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டால்தான் ஆபத்து.

"காபி மேசை மேல வச்சிருக்கேன், மேடம்."

சொல்லிவிட்டு மருமகள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலை வாரிக்கொண்டிருந்த மாமியார் சீப்பைப் பிடித்த கையோடு நின்றாள். காபி நல்ல சூடு. சர்க்கரையும் அளவுதான். குற்றம் சொல்ல எதுவுமே இல்லை. அந்த 'மேடம்' மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் சிக்கிக்கொண்டது.

இந்த வீட்டுச் சட்டத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் 'அத்தை', ஆஸ்பத்திரியில் 'மேடம்'. மாமியார் மேட்ரனாக, அதாவது தலைமை நர்ஸாக, இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே எலும்பு வார்டு நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த அன்று மருமகள் தானாகவே போட்ட சட்டம் அது. யூனிஃபார்ம் போட்டால் 'மேடம்', 'சிஸ்டர்', 'நீங்க'. கழற்றினால் 'அத்தை', 'ஏம்மா', 'நீ'. ஒருமுறை ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் இருவர் மட்டும் போகும்போது, "மேடம், வீட்டுக்குப் போறப்ப எங்க அத்தைகிட்ட பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள் மருமகள். "சொல்றேன் சிஸ்டர்" என்றாள் மேட்ரன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, யூனிஃபார்மைக் கழற்றிய பிறகுதான் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்தச் சட்டம்தான் போன வாரம் உடைந்தது. உடைத்தவள் மேட்ரன்.

ஊரெல்லாம் காய்ச்சல். நர்ஸுகளில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் ஐ.சி.யூ.வில் ஆள் இல்லை. அங்கே போகச் சொன்னபோது மருமகள் சொன்னாள்: "மேடம், எனக்கு அந்த வார்டு டிரெயினிங் இல்ல. வென்டிலேட்டர்ல இருக்கற குழந்தைய நான் தனியா எடுத்துக்க முடியாது. தெரிஞ்ச சிஸ்டர் ஒருத்தங்களுக்குக் கீழ உதவிக்கு நிக்கிறேன்." நடைபாதையில், பத்துப் பேர் பார்க்க, மேட்ரன் பொரிந்து தள்ளினாள். "மாமியார் ஆஸ்பத்திரின்னு நினைச்சுக்கிட்டு வேலைக்கு வர்றவங்க நாளையிலேருந்து வர வேண்டாம். வீட்டு உரிமைய வீட்டோட வச்சுக்குங்க." அன்று சாயங்காலமே மெமோ. வேலை செய்ய மறுத்தார் என்று குற்றச்சாட்டு. விசாரணை முடியும்வரை மருமகள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரக் கூடாது.

இன்று அந்த விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். வேலையோடு நின்றாலும் பரவாயில்லை. நர்சிங் கவுன்சிலுக்கும் தகவல் போகும். பதிவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் வேறெந்த ஆஸ்பத்திரியும் வாசலில்கூட நிற்க விடாது.

"அம்மா, கிளம்பிட்டியா?"

மகன் வந்து நின்றான். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் இவனுக்குத்தான் போன் வரும். இப்போது வீட்டில் இவனே இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோயிருக்கிறான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதேதான்.

"கிளம்பிட்டேன்."

"அங்க என்ன சொல்லப் போற?"

"நடந்ததச் சொல்லுவேன்."

"நடந்தது எல்லாத்தையுமா?"

அவன் ஒன்றும் தெரிந்து கேட்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டான். ஆனால் மேட்ரன் அவன் முகத்தைப் பார்க்காமல் கைப்பையைத் தேடினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

"உனக்கு வேலைக்கு நேரமாகல? போடா" என்றாள்.

உள் அறையிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. மேட்ரனின் கணவர். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாக்கு மட்டும் முன்னைவிடச் சுறுசுறுப்பு. "வீட்டுல ரெண்டு நர்ஸ் இருந்து என்ன பிரயோஜனம்? ஒருத்திக்கு ஒருத்தி வைத்தியம் பாத்துக்கத் தெரியல."

மருமகள் அவர் அறைக்குள் போனாள். மேட்ரன் கதவோரம் நின்று காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஹேண்ட் ஓவருக்கு.

வார்டில் ஒரு நர்ஸ் வேலை முடிந்து கிளம்பும்போது அடுத்து வருபவளிடம் ஒவ்வொரு நோயாளியையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எங்கே வலி, யார் சாப்பிடவில்லை, யார் அழுதார்கள். எல்லாம் கேட்டுவிட்டு மற்றவள் "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்வரை முதலில் இருந்தவள் வார்டு வாசலைத் தாண்டக் கூடாது. வீட்டில் நெருப்பே பிடித்தாலும் சரி. புதிதாக வரும் பெண்களுக்கு மேட்ரன் சொல்லித்தரும் முதல் பாடங்களில் அதுவும் ஒன்று.

பெரியவர் படுத்த பிறகு, இந்த வழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒருத்தி வேலைக்குக் கிளம்பும்போது மற்றவளிடம் வாசலில் நின்று ஒப்புவிப்பாள். "மாத்திரை குடுத்தாச்சு. ஒரு இட்லிக்கு மேல..." என்று ஆரம்பித்தால் பெரியவர் உள்ளே இருந்து "பொய், அரை இட்லிதான் குடுத்தா" என்று திருத்தம் சொல்லுவார். கடைசியில் "எடுத்துக்கிட்டேன், போயிட்டு வாங்க அத்தை" என்று மருமகள் சொல்வதைக் கேட்காமல் மேட்ரன் படி இறங்கியதில்லை.

மெமோ வந்த நாளிலிருந்து மருமகள் ஒப்புவிக்க வேண்டியதைத் தன் கணவனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் "ம், ம்" என்று தலையாட்டிவிட்டு அம்மாவிடம் பாதியை மறந்துபோய்ச் சொல்லுகிறான்.

இன்றும் அப்படித்தான். மருமகள் அறையைவிட்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டம்மாள் வந்து பெரியவரோடு இருப்பார் என்பதைக் கணவனிடம் சொன்னாள். வெளியே போட்டுக்கொள்ளும் செருப்பைத் தேடி எடுத்தாள். "நான் பஸ்ல வந்துடறேன், மேடம்" என்றாள்.

ஒரே வீட்டிலிருந்து ஒரே இடத்துக்கு இரண்டு பஸ்ஸில் போனார்கள்.

*

ஆஸ்பத்திரி மாடிப்படியின் கீழே ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தோளில் துணிப்பை. மேட்ரனின் கூடப் பிறந்த தங்கை. நர்ஸுகள் சங்கத்தின் செயலாளர். சங்கம், சங்கம் என்று அலைந்ததில் 'சங்கம்' என்பதே பெயராகிப்போனவள்.

அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் நின்று பேசி வருஷங்கள் ஆகின்றன. ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று கேட்டு ஒரு காலத்தில் சங்கம் ஆஸ்பத்திரிக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து போராடியது. அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு மேட்ரன் பதவி வந்தது. தங்கை வெயிலில் இருந்தாள். அக்கா மின்விசிறிக்கு அடியில், நிர்வாகத்தின் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அதற்குப் பிறகு தங்கை அக்கா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. மருமகளோடு மட்டும் போனில் பேசுவாள்.

"வா" என்றாள் மேட்ரன். வேறென்ன சொல்ல?

"வந்துதானே ஆகணும்? உறுப்பினருக்கு விசாரணைன்னா சங்கம் வரும். மாமா எப்படி இருக்கார்?"

"வாய் மட்டும் வேலை செய்யுது."

"அது முன்னாலயும் அப்படித்தானே." தங்கை லேசாகச் சிரித்தாள். உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன். புதுசா வர்ற ஒவ்வொரு பொண்ணுக்கும் முதல் நாள் நீ என்ன சொல்லுவ?"

மேட்ரன் படியேறப் பார்த்தாள்.

"எனக்கு மனப்பாடம். 'தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுங்க. வெக்கம் ஒரு நிமிஷம்தான். போன உசிரு திரும்பாது.' அதத்தானே அவ சொன்னா? நீ சொல்லிக் குடுத்ததையே உன்கிட்ட சொன்னா. அதுக்கு மெமோவா?"

"அன்னைக்கு நிலைமை உனக்குத் தெரியாது. ஆள் இல்ல. நான் மேட்ரன். எல்லா வார்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவ."

"மேட்ரன் நாற்காலில உக்காந்தா சங்கத்துல இருக்க முடியாது. அது விதி, ஒத்துக்கறேன். ஆனா நர்ஸா இருக்க முடியாதுன்னு எந்த விதியும் இல்லையே?"

தங்கை படியேறிப் போய்விட்டாள். மேட்ரன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கைக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மருமகளுக்கும் தெரியாது. மகனுக்கும் தெரியாது. வாசகர்களாகிய நமக்காவது தெரியட்டும்.

அன்று மருமகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் மேட்ரன் வேறொருத்தியைக் கூப்பிட்டிருந்தாள். கண் வார்டில் ஒல்லியாக, உயரமாக ஒரு நர்ஸ். எல்லோரும் அவளை 'ஒட்டடைக்குச்சி' என்பார்கள். போனில்தான் கேட்டாள். ஒட்டடைக்குச்சி தயங்கித் தயங்கி, "மேடம், எனக்கு அந்த வார்டு பழக்கமில்ல. பயமா இருக்கு" என்றாள். மேட்ரன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "சரிம்மா, நல்ல வேளை சொன்னே. வேற யாரையாவது பாக்கறேன்" என்று போனை வைத்தாள். அது நர்ஸின் கடமை, அவள் சரியாகத்தான் செய்தாள் என்று மனதுக்குள் பாராட்டக்கூடச் செய்தாள்.

அதே வார்த்தையை மருமகள் சொன்னபோது மட்டும் ரத்தம் தலைக்கு ஏறியது.

ஏன்? அதைத்தான் மேட்ரன் இத்தனை நாளாக யோசிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். மருமகள் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் 'மேட்ரன் வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறைச்சல்' என்று நடைபாதையில் யாராவது முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த முணுமுணுப்புக்குப் பயந்து, எல்லோரும் வேண்டாம் என்கிற ஷிப்டையெல்லாம் மருமகள் தலையில் கட்டினாள். லீவு கேட்டால் கடைசியில் கொடுத்தாள். மருமகள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அதனாலேயே இன்னும் கொஞ்சம் கட்டினாள். குனியக் குனியக் குட்டுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. சிலர் தங்கள் நல்ல பெயருக்காகக் குட்டுகிறவர்கள். மேட்ரன் அந்த ரகம்.

*

விசாரணை நடந்த அறையில் நீள மேசை. அதன் ஒரு முனையில் பெரிய டாக்டர், ஆஸ்பத்திரியின் தலைவர். நல்ல மனிதர். எந்தப் பிரச்சினையானாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன் தீர்ந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. பக்கத்தில் நிர்வாக அதிகாரி. ஒரு பக்கம் மருமகளும் 'சங்க'மும். எதிர்ப் பக்கம் மேட்ரன் தனியாக.

"சிஸ்டர், வேலை பாக்க மாட்டேன்னு சொன்னீங்களா?" என்று ஆரம்பித்தார் பெரிய டாக்டர்.

"இல்ல சார். தனியா எடுத்துக்க மாட்டேன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சார்." மருமகளின் குரலில் படபடப்பு இல்லை. "எங்க வார்டுல எல்லாம் மாவுக்கட்டு போட்ட பெரியவங்க. மூச்சு முட்டினா கத்திக் கூப்பிடுவாங்க. மூச்சுக்குழாய் போட்ட குழந்தைக்கு அழுகைச் சத்தமே வராது சார். வாய் மட்டும்தான் அழும். குழாய் அடைச்சுக்கிட்டா அத முகத்தப் பாத்தே கண்டுபிடிக்கணும். நான் அதப் படிச்சிருக்கேன். செஞ்சதில்ல. என் கையில ஒரு குழந்தை போயிடுச்சுன்னா, 'மேட்ரன் சொன்னாங்க, அதான் போனேன்'னு பெத்தவகிட்ட சொல்ல முடியுமா?"

பெரிய டாக்டர் பேனாவைத் திறந்து மூடினார். அவருக்கும் மனம் இளகியது தெரிந்தது. ஆனால் அவர் கொள்கைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"சரி. யாரும் உங்கள வேலையவிட்டுத் தூக்கணும்னு ஆசைப்படல. மேலதிகாரி பேச்சை மீறினதுக்கு மேட்ரன்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க. விஷயத்த இதோட முடிச்சுக்கலாம். வீட்டுலயும் நிம்மதி, இங்கயும் நிம்மதி."

மேட்ரனுக்கு மூச்சு வந்தது. அப்பாடா! ஒரு வார்த்தை. 'மன்னிச்சிடுங்க மேடம்' என்று சொல்லிவிட்டால் போதும். தான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சொல்லேன்மா, சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

மருமகள் எழுந்து நின்றாள்.

"மத்தவங்க முன்னால குரல உசத்தினேனா சார்? அப்படின்னா அதுக்கு மன்னிப்பு கேக்கறேன். தெரியாதுன்னு சொன்னதுக்குக் கேக்க மாட்டேன். நான் கேட்டேன்னா, அடுத்த தடவை பயப்படற சிஸ்டர் வாய மூடிக்கிட்டு உள்ள போயிடுவாங்க."

"அப்போ நான் வேற வழியில்லாம..."

"தெரியும் சார்."

'சங்கம்' எதையோ சொல்ல எழுந்தாள். மருமகள் அவள் கையைத் தொட்டு உட்கார வைத்தாள். பெரிய டாக்டர் பெருமூச்சு விட்டு எதிர்ப் பக்கம் திரும்பினார். "மேட்ரன், கடைசியா நீங்க ஏதாவது சொல்லணுமா?"

மேட்ரன் எதிரே பார்த்தாள். மருமகள் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒட்ட வெட்டிய, சுத்தமான நகங்கள். பெரியவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது கீறிவிடக் கூடாது என்று வெட்டிக்கொண்டவை.

"அவங்க செஞ்சது சரி" என்றாள் மேட்ரன்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு புத்தி சொன்னது. பாதி உண்மைக்கே பாராட்டு கிடைத்துவிடும். ஆனால் பாதி மருந்து கொடுத்துவிட்டுப் போகிற நர்ஸை அவள் எத்தனை பேர் முன்னால் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறாள்!

"அன்னைக்கு நான் முதல்ல கேட்டது இவங்கள இல்ல. கண் வார்டு சிஸ்டரக் கேட்டேன். அவங்களும் இதே காரணத்தச் சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் இவங்களக் கூப்பிட்டேன்." மேசையிலிருந்த தண்ணீரை எடுக்கக் கை நீட்டி, எடுக்காமல் விட்டாள். "இவங்களுக்கும் டிரெயினிங் இல்லன்னு எனக்குத் தெரியும். என் மருமக, மறுக்க மாட்டான்னு கூப்பிட்டேன். மறுத்ததும், ஊரு என்ன பேசுமோன்னு மெமோ குடுத்தேன். வேற யாரா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். தப்பு என்னோடது."

நிர்வாக அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். 'சங்கம்' அக்காவையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். மேட்ரன் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. மருமகளின் முகத்தை மட்டும் பார்த்தாள். இனி அந்த முகம் இளகும், கண் கலங்கும், பழைய முகமாகும் என்று காத்திருந்தாள்.

முகம் மாறத்தான் செய்தது. இளகவில்லை. இத்தனை நாளாக அதில் இருந்தது கோபம் என்பதும், இப்போது அதுவும் வடிந்து போகிறது என்பதும் மேட்ரனுக்குத் தெரிந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சிஸ்டர்."

"அந்த சிஸ்டர் தெரியாதுன்னு சொன்னப்போ, நீங்க அவங்களுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

பொய் சொல்லலாம். மறந்துவிட்டது எனலாம். மேட்ரனால் முடியவில்லை.

"'சரிம்மா, நல்ல வேளை சொன்னே'ன்னு சொன்னேன்."

"தேங்க்ஸ், மேடம்" என்றாள் மருமகள். மறுபடியும் தன் நகங்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மெமோ ரத்து. நாளை முதல் வேலைக்கு வரலாம். மேட்ரன் விஷயத்தை நிர்வாகக் குழு தனியாகப் பார்க்கும். பெரிய டாக்டர் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பாகவே முடித்துவிட்டார்.

*

மேட்ரன் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கை தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு தங்கை துணிப்பையிலிருந்து பிளாஸ்கை எடுத்துக் காபியை மூடியில் ஊற்றி அக்காவின் பக்கம் தள்ளினாள்.

"இப்பவாவது சொன்னியே."

"சொல்லி என்ன ஆச்சு? அவ முகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா, ஏதோ பதட்டத்துல கத்திட்டாங்கன்னு நினைச்சிருப்பா. ஒரு நாள் மன்னிச்சிருப்பா. இப்போ..." மேட்ரன் காபியைத் தொடவில்லை. "வேலையக் காப்பாத்தினேன். அவளத் தொலைச்சுட்டேன் போலிருக்கு."

தங்கை அதை மறுக்கவில்லை. சமாதானம் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

"வெளிய வந்ததும் அவகிட்ட கேட்டேன். மேட்ரன் மேல புகார் குடுக்கறியா, சங்கம் உன்கூட நிக்கும்னு. என்ன இருந்தாலும் நீ என் அக்கா. ஆனா அவ என் உறுப்பினர், கேக்க வேண்டியது என் வேலை."

"குடுக்கறேன்னாளா?"

"வேணாம்னுட்டா. அவங்க உண்மையச் சொல்லிட்டாங்க சின்னத்தை, அது போதும்னா."

மேட்ரனின் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொள்வதற்குள் தங்கை எழுந்தாள்.

"சந்தோஷப்படாதக்கா. சண்டை போடறவ திரும்பி வருவா. சண்டையே வேணாங்கறவளப் பாத்தாத்தான் எனக்குப் பயம். புகார் வேணாம்னவ, என்கிட்ட வேற ஒண்ணு கேட்டா. செஞ்சு குடுத்தேன்."

"என்ன கேட்டா?"

"அத அவளே சொல்லட்டும்."

*

மேட்ரன் அன்று சீக்கிரம் கிளம்பினாள். வழியில் பேக்கரியில் நின்று மருமகளுக்குப் பிடித்த பட்டர் பிஸ்கட் வாங்கினாள். வாங்கிய பிறகு, இதைக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறோமே, இவ்வளவு படித்தும் இந்தப் புத்தி போகவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் மருமகள் நின்றிருந்தாள். நிலைப்படிக்கு உள்ளே. காலில் செருப்பு. யூனிஃபார்ம் இல்லை.

"அத்தை, ஹேண்ட் ஓவர் எடுத்துக்கறீங்களா?"

அத்தை! மேட்ரனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. காலையிலிருந்து, இல்லை, போன வாரத்திலிருந்து ஏங்கிய வார்த்தை. வாசலில், பழையபடி, ஹேண்ட் ஓவர். எல்லாம் சரியாகிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு! மேட்ரன் வேகமாகப் படியேறினாள்.

"சொல்லும்மா, சொல்லு."

"மாமாவுக்கு மதிய மாத்திரை குடுத்தாச்சு. சாப்பாடு முழுசா சாப்பிட்டார். வலது குதிகால்ல லேசா சிவப்பு தெரியுது. புண்ணாகிடக் கூடாது. காலுக்கு அடியில தலகாணி வச்சு, குதிகால் மெத்தையில படாம தூக்கி வைக்கணும்."

"சரி."

"கைப் பயிற்சிக்கான ரப்பர் பந்து தலகாணி உறைக்குள்ள இருக்கு. வெளிய வச்சா கட்டிலுக்கு அடியில உருட்டி விட்டுட்டு, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுவார்."

"பொய்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். வழக்கமான தெம்பு அதில் இல்லை.

"மாத்திரைய முழுங்கின மாதிரி நடிச்சுக் கன்னத்துல அடக்கிப்பார். தண்ணி குடிக்க வச்சு, ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க. பாடினா முழுங்கிட்டார்னு அர்த்தம். மூக்குக்கண்ணாடி கடையில இருக்கு, அடுத்த வாரம் தருவாங்க. மழைக்காலம் வந்தா அந்த ஜன்னல் பக்கம் கட்டிலப் போடாதீங்க, தோள் பிடிச்சுக்கும்."

"சரி... சரி..." என்று சொல்லிக்கொண்டே வந்த மேட்ரனின் வாய் மெல்ல நின்றது.

அடுத்த வாரமா? மழைக்காலமா?

நாற்பது பேர் படுத்திருக்கும் வார்டுகளில் ஆயிரம் ஹேண்ட் ஓவர் கேட்ட காது அது. ஷிப்ட் முடிந்து போகிறவள் அடுத்த சில மணி நேரத்தைச் சொல்லுவாள். அடுத்த வாரத்தையும் வரப்போகிற மழையையும் சொல்கிறவள், வார்டை விட்டே போகிறவள்.

கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு பெட்டியும் ஒரு தோள்பையும் இருந்தன.

"எங்கம்மா?"

"வெளியூர், அத்தை. குறைமாதக் குழந்தைங்க வார்டு டிரெயினிங். சங்கத்து மூலமா போக ஒரு இடம் இருந்துச்சு, சின்னத்தைகிட்ட கேட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரில லீவு சொல்லியாச்சு." மருமகளின் குரல் மெதுவாக இருந்தது. "அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னேன்ல? தெரிஞ்சுக்கிட்டு வரேன்."

"வருவல்ல?"

மருமகள் குனிந்து தோள்பையின் வாரைச் சரிசெய்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"அவன்... அவன்கிட்ட சொன்னியா?"

"போன் பண்ணிச் சொல்லிட்டேன். கூட வரேன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. வேலைய முடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்னு மட்டும் சொன்னார்."

பெட்டியோடு வருவானா, வெறுங்கையோடு வருவானா? மேட்ரன் அதை யோசிக்கும் நிலையில் இல்லை. "நான் செஞ்சது தப்பும்மா. ரொம்பப் பெரிய தப்பு. உன்ன வேத்து மனுஷியா நடத்தியிருந்தாக்கூட நியாயமா நடத்தியிருப்பேன். என் பொண்ணுன்னு நினைச்சுதான் இவ்வளவும் பண்ணினேன்."

"தெரியும் அத்தை. அதனாலதான் இருக்க முடியல."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"அவ்வளவுதான் அத்தை. எடுத்துக்கிட்டீங்களா?"

மருமகள் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள். பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். ஆனால் காலை வெளியே வைக்கவில்லை. அந்த வார்த்தை வரும்வரை வைக்க மாட்டாள். மேட்ரன் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நல்ல மாணவி.

ஒரே ஒரு வார்த்தை. எடுத்துக்கிட்டேன். அதைச் சொன்னால் போய்விடுவாள். சொல்லாமலே இருந்தால்? எவ்வளவு நேரம் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தி வைக்க முடியும்?

"சொல்லிடேன்டி" என்றார் உள்ளேயிருந்து பெரியவர். "பாவம், பஸ் போயிடும் அவளுக்கு." அவர் குரலும் உடைந்திருந்தது.

மேட்ரன் வாயைத் திறந்தாள்.

"குதிகால்... எந்தக் குதிகால்னு சொன்ன?"

"வலது, அத்தை."

"சரியா காதுல விழல." கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் மேட்ரன். உள்ளே பிஸ்கட்டுகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. "மறுபடியும் முதல்லேருந்து சொல்லு."

புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம். எடுத்துக்கொள்கிற நர்ஸுக்கு அந்த உரிமை உண்டு.

மருமகள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மாமாவுக்கு மதிய மாத்திரை குடுத்தாச்சு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.